ஃபிப்த் வீல் கேம்பருக்கு ஏர் ஹிட்ச்: முதலில் எடை, பிறகு காற்று

அமெரிக்காவிலோ கனடாவிலோ கனமான ஃபிப்த் வீல் கேம்பர், அதாவது பிக்கப்பின் பின்தொட்டியில் மூக்கை ஏற்றி இழுத்துச்செல்லும் வீட்டு வண்டி, வாங்கியவர்கள் முதல் நீண்ட பயணத்திலேயே இரண்டு தொல்லைகளைத் தெரிந்துகொள்வார்கள். ஒன்று, முன்னும் பின்னுமாக முதுகில் யாரோ தள்ளுவது போன்ற வெட்டு. அங்குள்ளவர்கள் இதைச் ‘சக்கிங்’ என்பார்கள். இன்னொன்று, பிக்கப்பின் மூக்கும் கேம்பரின் மூக்கும் மாறி மாறி எழுந்து தாழும் குதிப்பு. கான்கிரீட் நெடுஞ்சாலையில் பலகைக்குப் பலகை இருக்கும் இணைப்பு வரிகள் இந்த இரண்டையும் தாளம் தவறாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். லூசியானாவில் ஐ-10 நெடுஞ்சாலை அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் பாலமாகப் போகிறது. அதன் இணைப்புகளில் டக், டக் என்று ஏறி இறங்கி மறுகரை சேர்வதற்குள் பலர் ஏர் ஹிட்ச், அதாவது காற்றுப்பை வைத்த இணைப்பான், வாங்க முடிவெடுத்திருப்பார்கள்.

அந்த முடிவு சரியா தவறா என்பது உங்கள் பிக்கப்பின் எடைக் கணக்கைப் பொறுத்தது. ஏர் ஹிட்ச் சொகுசைத் தரும். தாங்கும் திறனை ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. தானே கனமாக இருப்பதால் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். எனவே இந்த வழிகாட்டி கடையில் தொடங்காமல் எடை மேடையில் தொடங்குகிறது.

ஏர் ஹிட்ச் எப்படி வேலை செய்கிறது

துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் ஏற்றாத லாரித் தலையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் கிரீஸ் பூசிய, பின்புறம் வாய் திறந்த ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதுதான் ஃபிப்த் வீல். கேம்பருக்கான ஹிட்ச் அதே அமைப்பின் சிறிய வடிவம்; பிக்கப்பின் பின்தொட்டியில், அதாவது பெட்டில், பின் அச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்னாலோ உட்காரும். கேம்பரின் மூக்கிலிருந்து கீழே நீளும் இரும்புப் பெட்டி பின் பாக்ஸ். அதன் அடித்தட்டில் 2 அங்குல விட்டமுள்ள கிங்பின் என்ற முளை தொங்கும் (‘பின் பாக்ஸ்’ என்பதில் உள்ள ‘பின்’ இதுதான், பின்புறம் அல்ல). ஹிட்ச்சின் தாடை அந்தக் கிங்பின்னைக் கவ்விக்கொள்ளும்.

சாதாரண ஹிட்ச்சில் இந்தத் தலை அடிச்சட்டத்தோடு இறுக்கமாக நிற்கும். ஏர் ஹிட்ச்சில் தலை ஒரு கீல் கையின் மேல் இருக்கும். கைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ரப்பர் காற்றுப்பை. பக்கத்தில் ஒன்றிரண்டு ஷாக் அப்சார்பர். விபத்தில் விரியும் ஏர் பேக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் ‘ஏர் சஸ்பென்ஷன்’ என்று எழுதியிருக்குமே, அதன் அடியில் இருக்கும் பையின் சிற்றுரு இது.

காற்றுப்பை தனியாக இருந்தால் பந்து போலக் குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஆகவே விலை பார்க்கும்போது பையை மட்டும் பார்த்து மயங்காமல், ஷாக் இருக்கிறதா, எத்தனை இருக்கின்றன, தனியாக மாற்றக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

படி 1: எடை போடுங்கள்

கேம்பரின் விளம்பரத் தாளில் ‘ஹிட்ச் வெயிட்’ என்று ஓர் எண் இருக்கும். அதை நம்பி எதையும் வாங்காதீர்கள். அது காலி கேம்பரின் எண். பேட்டரி, காஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், முன் அறையில் அடைக்கும் நாற்காலிகள் எல்லாமே பெரும்பாலும் மூக்குப் பக்கம்தான் ஏறும். ஏற்றிய பிறகு கிங்பின் மேல் விழும் எடை, கேம்பரின் மொத்த எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். 16,000 பவுண்டு கேம்பர் என்றால் 3,200 முதல் 4,000 பவுண்டு.

சரியான எண்ணை அறிய, பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி (60 காலன் என்றால் அதுவே 500 பவுண்டு), குடும்பத்தோடு டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடைக்குப் போங்கள். அந்த மேடையில் தனித்தனிப் பலகைகள் உண்டு. பிக்கப்பின் முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் ஒன்றில், கேம்பரின் சக்கரங்கள் ஒன்றில் நிற்க வேண்டும். பிறகு கேம்பரைக் கழற்றி நிறுத்திவிட்டு பிக்கப்பை மட்டும் மறுபடி எடை போடுங்கள். ஹிட்ச் பெட்டிலேயே இருக்கட்டும், ஆட்களும் உள்ளேயே இருக்கட்டும்.

ஒரு கணக்கு. கேம்பரோடு: முன் அச்சு 4,900, பின் அச்சு 7,900, கேம்பர் அச்சுகள் 12,400. பிக்கப் தனியாக: முன் 5,000, பின் 4,300, மொத்தம் 9,300. கேம்பரோடு இருந்தபோது பிக்கப்பின் மேல் விழுந்தது 4,900 + 7,900 = 12,800. வித்தியாசம் 3,500. அதுதான் உங்கள் உண்மையான பின் எடை, அதாவது கிங்பின் மேல் விழும் எடை. கேம்பரின் மொத்த எடை 12,400 + 3,500 = 15,900; பின் எடை அதில் 22 சதவீதம். நல்ல விகிதம்.

இப்போது ஓட்டுநர் கதவைத் திறந்து, நிலைச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாள்களைப் படியுங்கள். பிக்கப்பின் உச்ச மொத்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., ஒரு தாளில் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று இன்னொரு தாள் சொல்லும், அதுதான் பேலோட். பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கொண்ட, ‘ஒரு டன்’ வகை என்று அழைக்கப்படும் பிக்கப் பலவற்றின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 12,000 பவுண்டை ஒட்டி இருக்கும். மேலே உள்ள 12,800 அதில் அடங்காது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வரும் ‘டூயலி’யின் 14,000-த்தில் அடங்கும். பின் அச்சின் உச்ச எடையையும் டயரில் அச்சிட்ட தாங்கு எடையையும் தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் மீறப்படுவது இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஏர் ஹிட்ச் மாடல்கள் பலவும் 200 பவுண்டைத் தாண்டும். பேலோடில் நூறு பவுண்டுதான் மிச்சம் என்றால் ஏர் ஹிட்ச்சின் கூடுதல் எடையே அதைத் தின்றுவிடும். அந்த நிலையில் இருப்பவர் தேட வேண்டியது வேறு பிக்கப் அல்லது சிறிய கேம்பர். பிக்கப்பின் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை போட்டாலும் இதே கதைதான். வண்டி சமமாக நிற்கும், தாளில் உள்ள எண் மாறாது.

படி 2: இரண்டு எண்களில் எது முக்கியம்

ஒவ்வொரு ஹிட்ச்சிலும் இழுக்கும் எடை, செங்குத்து எடை என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். கடைக்காரர் முதல் எண்ணை உரக்கச் சொல்வார், 20,000, 24,000 என்று. ஏர் ஹிட்ச்சுக்கு இரண்டாவது எண்தான் உயிர். பைக்கு உச்ச எடை மட்டுமல்ல, வேலை செய்யும் எடை வரம்பு ஒன்றும் உண்டு. 5,000 பவுண்டுக்கு வடிவமைத்த பையின் மேல் 2,000 பவுண்டு பின் எடை விழுந்தால் அது கல் போல நிற்கும். காற்றுக்காகக் கொடுத்த பணம் வீண். 3,000 பவுண்டுப் பையின் மேல் 3,500 விழுந்தால், எவ்வளவு காற்றடித்தாலும் கீழ்த் தடுப்பில் முட்டிக்கொண்டே போகும். உங்கள் பின் எடை வரம்பின் நடுவிலோ சற்று மேலோ விழும்படி தேர்ந்தெடுங்கள். வரம்பின் கீழ் எண்ணைத் தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

30,000 பவுண்டு வரையுள்ள கேம்பர்களுக்கான ஹிட்ச்களுக்கு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2638 என்ற சோதனைத் தரம் இருக்கிறது. அதன்படி சோதித்தது என்று ஹிட்ச்சின் தகட்டிலோ கையேட்டிலோ இருந்தால் நல்லது.

ஒரு விதிவிலக்கு: பின்புறம் மோட்டார் சைக்கிள் ஏற்றும் கராஜ் உள்ள டாய் ஹாலர் வகைக் கேம்பர். கராஜ் காலியாக இருக்கும்போது பின் எடை அதிகம். வண்டிகளை ஏற்றினால் அந்த எடை கேம்பரின் அச்சுகளுக்குப் பின்னால் விழுந்து மூக்கைத் தூக்கும். பின் எடை குறையும். இவர்கள் இரு நிலையிலும் எடை போட வேண்டும். காற்றில்லாமல் ரப்பரை மட்டும் வைத்து வேலை செய்யும் அமைப்புகளைவிட (படி 3-ல் வரும்) காற்று கைகொடுக்கும் இடம் உண்மையில் இதுதான். காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ரப்பரை என்ன செய்ய முடியும்?

படி 3: காற்று எங்கே இருக்க வேண்டும்

பெட்டில் இருக்கும் ஹிட்ச்சில் காற்று வைப்பது ஒரு வழி. டிரெய்லர்சேவர் இந்த வகையில் பலருக்குத் தெரிந்த பெயர். கேம்பரின் பின் பாக்ஸைக் கழற்றி, காற்றுப்பை உள்ள பின் பாக்ஸை மாட்டுவது இன்னொரு வழி. லிப்பர்ட்டின் ஃப்ளெக்ஸ் ஏர் அப்படிப்பட்டது. ரீஸின் கூஸ் பாக்ஸும் காற்றுப்பை கொண்டதுதான், ஆனால் அது கிங்பின்னை விட்டுவிட்டு பெட் தரையில் நிற்கும் கூஸ்நெக் என்ற இழுவைப் பந்தின் மேல் உட்கார்கிறது. காற்றே இல்லாமல் ரப்பர் அடுக்குகளை வைத்து வேலை செய்யும் மோர்ரைட் பின் பாக்ஸ், ரப்பர் முறுக்கத்தை வைத்து வேலை செய்யும் ஜென்-ஒய் பின் பாக்ஸ் என்று மாற்றுகளும் உண்டு.

எங்கள் கருத்து இது. கேம்பரை மாற்றப் போகிறீர்கள், பிக்கப் நிலைக்கும் என்றால் பெட் ஹிட்ச்சில் முதலீடு செய்யுங்கள். பிக்கப்பை அடிக்கடி மாற்றுபவர், பெட்டைச் சரக்குக்கும் பயன்படுத்துபவர், பேலோடில் இறுக்கம் உள்ளவர் பின் பாக்ஸ் பக்கம் போகலாம். 200 பவுண்டு இரும்பை ஒவ்வொரு முறையும் தூக்கி இறக்க வேண்டாம். தொல்லை முக்கியமாக முன்பின் வெட்டுதான், குதிப்பு அவ்வளவாக இல்லை என்றால் ரப்பர் பின் பாக்ஸே போதும்; காற்றடிக்கும் வேலையும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காற்று ஸ்பிரிங் நின்றால் ஒன்று எழும்போது மற்றொன்று தாழும். குதிப்பு அடங்குவதற்குப் பதில் நீளும்.

கூஸ்நெக் பந்துக்கு மாற்றும் எந்த அமைப்பானாலும் கேம்பரின் சட்டத்தைத் தயாரித்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கிங்பின் இருக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி நீளும் ஒவ்வொரு அங்குலமும் நெம்புகோலை நீட்டுவது போல; பிரேக் பிடிக்கும்போது பின் பாக்ஸ் பொருந்திய சட்டத்தை அது முறுக்கும். சில சட்டங்களுக்கு அதனாலேயே உத்தரவாதம் போய்விடும்.

படி 4: உயரம், இரண்டு முறை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சமதரையில் கேம்பரைச் சமமாக நிறுத்தி, பின் பாக்ஸின் அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். 51 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிக்கப்பின் பெட் தரை காலியாக 38 அங்குலம். பின் எடை ஏறியதும் 3 அங்குலம் தாழும் என்றால் 35. அப்படியானால் ஹிட்ச்சின் தலைத்தட்டு பெட் தரையிலிருந்து 16 அங்குலத்தில் நிற்க வேண்டும். காற்றடித்து, வேலை செய்யும் நிலையில் இருக்கும்போது 16. விவரத் தாளில் தரும் உயரம் காற்றோடா காற்றில்லாமலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டின் பக்கச் சுவரின் மேல்விளிம்புக்கும் கேம்பரின் மூக்கு அடிப்பாகத்துக்கும் இடைவெளி. சுவர் சுமையோடு 56 அங்குலத்தில் இருக்கிறது, மூக்கின் அடி 62-ல் இருக்கிறது என்றால் 6 அங்குலம். ஐந்தரை முதல் ஆறு அங்குலம் குறைந்தபட்சம். பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிக்கப் ஒரு பக்கம் சாயும், கேம்பர் இன்னும் நேராக நிற்கும். அந்த நேரத்தில் சுவரின் மூலை போய் மூக்கின் அடியை முட்டாமல் இருப்பதற்குத்தான் இந்த இடைவெளி.

இப்போது இரண்டாவது அளவு. காற்றை முழுக்க இறக்கி மறுபடி அளங்கள். தலை 2 அங்குலம் தாழ்ந்தால் உங்கள் 6 இப்போது 4. நடுவழியில் பை வெடித்தால் நீங்கள் ஓட்டப்போவது இந்த 4 அங்குலத்தோடுதான். மெதுவாகச் சமதரையில் அடுத்த ஊர் வரை போக அது போதும். காற்றோடு அளந்தபோதே 5 அங்குலம்தான் இருந்தது என்றால், வெடித்த பையோடு 3. சரிவான வளைவில் அலுமினியத் தகடு கிழியும்.

இடைவெளி வேண்டும் என்பதற்காகத் தலையை உயர்த்திக்கொண்டே போனால் கேம்பரின் மூக்கு தூக்கிவிடும். எடை அதன் பின்புற அச்சுக்கு நகரும். பட்டை ஸ்பிரிங் உள்ள கேம்பரில் இரு அச்சுகளுக்கும் நடுவில் உள்ள சமன்படுத்தும் கை ஓரளவு பங்கிட்டுக் கொடுக்கும். ரப்பர் டார்ஷன் அச்சு உள்ளதில் அந்தக் கை கிடையாது. பின் டயர்கள் முழுதும் சுமக்கும். ஒரு கோடைப் பயணம் போதும், டயர் விட்டுக்கொடுக்க. இடைவெளியும் சமநிலையும் ஒன்றாகக் கிடைக்கவில்லை என்றால் கேம்பரின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் உயர்த்தும் வழியைப் பார்க்க வேண்டும், ஹிட்ச்சால் தீராது.

படி 5: குட்டைப் பெட் உள்ளவர்களுக்கு

கேம்பரின் அகலம் 96 அல்லது 102 அங்குலம். 90 டிகிரி திருப்பும்போது மூக்கின் மூலை கேபின் கண்ணாடியைத் தொடாமல் இருக்க, கிங்பின்னுக்கும் கேபின் பின்சுவருக்கும் நடுவே அகலத்தில் பாதிக்கு மேல் தூரம் வேண்டும்: 48 அல்லது 51 அங்குலம். 8 அடிப் பெட்டில் இது பொதுவாகக் கிடைத்துவிடும். ஆறரை அடிப் பெட்டில், கிங்பின்னை அச்சுக்கு மேல் வைத்தால் பெரும்பாலும் கிடைக்காது. மூலை மழித்த மூக்குள்ள புதிய கேம்பர்கள் கொஞ்சம் சலுகை தரும், ஆனால் அளக்காமல் நம்ப வேண்டாம்.

தூரம் வேண்டும் என்று ஹிட்ச்சை அச்சுக்குப் பின்னால் தள்ளுவது தவறு. முன் சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டீயரிங் மிதக்கும். திருப்பும்போது பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் ஒரு தீர்வு. திருப்புமையத்தையே 22 அங்குலம் பின்னுக்குக் கொண்டுபோகும் ரீஸ் சைட்வைண்டர் போன்ற பின் பாக்ஸ் இன்னொரு தீர்வு. பின்னதில் கிங்பின் தாடைக்குள் சுழலாமல் இருக்க ஓர் ஆப்பைப் பொருத்துவார்கள். அந்த ஆப்பு எல்லா ஹிட்ச் தலையிலும் பொருந்தாது. ஏர் ஹிட்ச் வாங்கும் முன் உங்கள் தலைக்கு ஆப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏர் ஹிட்ச்சின் கை கீலில் ஆடுவதால் தலை மேலும் கீழும் போகும்போது சற்று முன்பின்னும் நகரும். எனவே அடிச்சட்டத்தின் நடுவை அளக்காமல் கிங்பின் உட்காரும் இடத்தை அளங்கள்.

படி 6: பெட்டில் எப்படிப் பிடிக்கிறது

குறுக்காகப் போடும் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் பழைய, பொதுவான முறை. பெட் தகட்டை ஊடுருவி அடியில் வண்டியின் சட்டத்தோடு தாங்கிகளில் போல்ட் செய்யப்படும். வெறும் பெட் தகட்டோடு மட்டும் போல்ட் போட்டுத் தருகிறேன் என்று எந்த ஒர்க்‌ஷாப் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஃபோர்டு, ராம், ஜி.எம். மூன்றிலும் கன வகைப் பிக்கப்களில் ஆலையிலேயே பொருத்திய நான்கு துளைப் ‘பக்’ அமைப்பு கிடைக்கிறது. ஹிட்ச்சின் கால்கள் அதில் நேராக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஆனால் எல்லா நிறுவனங்களின் துளை இடைவெளியும் ஒன்றல்ல. பிக்கப்பின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள்.

பக் கால்களில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அது முன்பின் வெட்டாகத்தான் வெளிப்படும், அதைக் காற்றுப்பை தீர்க்காது. தாடையில் உள்ள தளர்வும் அப்படியே. ஹிட்ச்சை வாங்கும் முன் தலையை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். கிங்பின்னைச் சுற்றி முழுதாக மூடும் இரட்டைத் தாடை, ஒரு பக்கம் சட்டம் நழுவிப் பூட்டும் ஒற்றைத் தாடையைவிட இறுக்கமாகப் பிடிக்கும்.

மாட்டும் முறை

முதல் சில தடவை அவசரமில்லாத நாளில், காலி மைதானத்தில் பழகுங்கள்.

1. கேம்பர் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள். ஹிட்ச்சின் காற்றை இறக்குங்கள். தலை கீழ்த் தடுப்பில் உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். டெயில்கேட்டை, அதாவது பெட்டின் பின்கதவை, திறந்து வையுங்கள்.

2. கேம்பரின் முன் கால்களை ஏற்றி இறக்கி, பின் பாக்ஸின் அடித்தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வையுங்கள். பின்னால் வரும்போது தட்டு தட்டின் மேல் உரசி ஏற வேண்டும்.

3. கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்து நேராகப் பின்னால் வாருங்கள். தாடை மூடும் ஓசை தெளிவான ஒற்றை ‘க்ளங்க்’. இரண்டாவது, மந்தமான சத்தம் கேட்டால் இறங்கிப் பாருங்கள்.

4. டார்ச் அடித்து, ஹிட்ச் தட்டுக்கும் பின் பாக்ஸ் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் கிங்பின் தாடைக்கு மேல் நிற்கிறது. நகர்த்தினால் கேம்பர் பெட் சுவரின் மேல் விழும். ஃபிப்த் வீலில் நடக்கும் பெரிய விபத்துகளுக்குத் தொடக்கம் இதுதான். கைப்பிடி முழுதாக உள்ளே போய், பூட்டு ஊசி தடையில்லாமல் நுழைந்தால்தான் மாட்டிய கணக்கு.

5. ஏழு முனை மின் இணைப்பு. பிறகு பிரேக்அவே கேபிள், அதாவது கேம்பர் கழன்றால் இழுபட்டு அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கம்பி; இதை ஹிட்ச்சிலோ அதன் கைப்பிடியிலோ மாட்டாமல் வண்டியோடு மாட்டுங்கள். ஹிட்ச்சே பெயர்ந்துவிட்டால் ஹிட்ச்சில் மாட்டிய கேபிள் எதை இழுக்கும்?

6. முன் கால்கள் இன்னும் தரையில் இருக்கட்டும், கட்டையும் இருக்கட்டும். கேம்பர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் கால்களை உயர்த்தி, கட்டையை எடுத்து, டெயில்கேட்டை மூடுங்கள்.

தட்டுகளுக்கு நடுவே கிரீஸுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வட்டத் தகடு போடுபவர்கள், அதன் தடிமன் தாடைக்கு ஒத்துவருகிறதா என்று கையேட்டில் பாருங்கள். 3/16 அங்குலத் தகடு சில தாடைகளில் பூட்டு ஊசியை நுழையவிடாது.

காற்றடிப்பது

எடை முழுதும் ஹிட்ச்சின் மேல் வந்த பிறகே காற்று. டயரில் இருக்கும் அதே வால்வுதான். 12 வோல்ட் சிறு கம்ப்ரெசர் போதும். பெட்டுக்குள் குனிந்து கைவிட வேண்டியிராமல் வால்வைக் குழாயோடு நீட்டி பெட் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் தினமும் முதுகு நன்றி சொல்லும்.

எத்தனை பி.எஸ்.ஐ. என்று எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணைத் துரத்தாதீர்கள், உயரத்தைப் பாருங்கள். ஹிட்ச்சில் கை எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும். கை அந்தக் குறிக்கு வரும்வரை அடியுங்கள். அதன் பிறகு மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள், அதுவே உங்கள் பின் எடைக்கான எண். பையின் உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் பின் எடை அதிகம் அல்லது ஹிட்ச் தவறு.

குளிர்ந்த காலையில் ஒரு வேடிக்கை நடக்கும். டயரில் அழுத்தம் குறைந்திருக்கும். காற்றுப்பையில் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் கை தாழ்ந்திருக்கும். மேலே உள்ள எடை மாறவில்லை என்பதால் அழுத்தமும் பெரிதாக மாறுவதில்லை; சுருங்குவது காற்றின் கன அளவு. மீட்டரை மட்டும் பார்ப்பவர் சரி என்று கிளம்பி, பத்தாவது மைலில் கீழ்த் தடுப்பில் இரும்பு அடிப்பதைக் கேட்பார். அதிகம் அடித்தால் அதே சத்தம் மேலிருந்து வரும்; கை மேல் தடுப்பில் நிற்கும், ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் ஓர் அடி. எந்தச் சத்தம் வந்தாலும் நிறுத்திக் குறியைப் பாருங்கள்.

கழற்றும்போது

பையில் காற்றை வைத்துக்கொண்டு கேம்பர் கால்களை இறக்கினால், எடை குறையக் குறையப் பை விரிந்து தலை கூடவே எழும்பும். தாடை கிங்பின்னை விடாது, கைப்பிடி அசையாது. புதியவர்கள் இங்கே சுத்தியலை எடுக்கிறார்கள். கட்டை போட்டு, பெரும்பாலான மாடல்களில் முதலில் காற்றை இறக்கி, பிறகு கால்களை இறக்கி, தட்டின் மேல் பாரம் தளர்ந்ததும் கைப்பிடியை இழுக்க வேண்டும். சில மாடல்களில் வரிசை வேறு. உங்கள் கையேடு சொல்வதே சட்டம். கைப்பிடி இன்னும் பிடித்தால் பிக்கப்பை ஓர் அங்குலம் பின்னால் தள்ளிப் பாருங்கள். தாடையின் மேல் உள்ள இழுவை விடுபடும். மின் இணைப்பும் கேபிளும் கழன்றுவிட்டனவா, டெயில்கேட் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்னால் நகர வேண்டும். டெயில்கேட்டை பின் பாக்ஸில் மோதி வளைத்தவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் புதியவர்கள் இல்லை.

எது கெடும், ஏன்

இரவில் காற்று இறங்கினால் முதலில் வால்வு ஊசியைச் சந்தேகப்படுங்கள்; பஞ்சர் கடையில் கிடைக்கும் அதே ஊசி, அதே சாவி. அடுத்தது நைலான் குழாய் சொருகும் இணைப்பு. குழாயைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியிருந்தால் அங்கேதான் கசியும். கூரிய கத்தியால் நேராக வெட்டி மறுபடி சொருகுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் இடம் தெரியும். பையின் மடிப்பில் சரளைக்கல் சிக்கி அரைக்கும். கழுவும்போது அந்த மடிப்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு நூலிழை தெரியும் ஆழத்துக்குப் போயிருந்தால் பையை மாற்ற வேண்டிய நேரம்.

ஒரு மேட்டைத் தாண்டிய பிறகு குதிப்பு இரண்டு மூன்று முறைக்கு மேல் நீடித்தால் ஷாக் போய்விட்டது. தண்டில் எண்ணெய் ஈரம் இருக்கும். கீல் புஷ் தேய்ந்தால் பக்கவாட்டில் ஆட்டம் தெரியும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பயணப் பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள். தண்டவாளப் போல்ட்களை முதல் 50 மைலுக்குப் பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்குங்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

ஏர் ஹிட்ச்சின் விலை சாதாரண ஹிட்ச்சைவிடப் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் பழையது தேடுபவர்கள் அதிகம். பழையதில் பையும் ஷாக்கும் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அவை மாற்றும் பாகங்கள்; அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். தாடையின் உட்பக்கம் 2 அங்குலக் கிங்பின்னைவிட நன்றாக அகன்று முட்டை வடிவமாகியிருந்தாலோ, கீல் கையில் புதிதாக வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்த தடம் இருந்தாலோ, தகட்டில் எடை எண்கள் அழிந்திருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.